பன்னிரண்டு வில்லை, மூன்று டியூப்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது கூடத்துச் சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றினோம். தாத்தா, பாட்டி, ரவிவர்மா லட்சுமி, கடைசியாக, நான் வரைந்த கும்பகோணத்து மகாமகக் குளம். 1978இல், பத்தாம் வகுப்பு படிக்கும்போது போட்ட வாட்டர் கலர். அப்பா சட்டம் போட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார். நாற்பத்தைந்து வருஷத்துக் காலை வெயில் அதன் மேல் விழுந்திருக்கிறது.

பின்னட்டையைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்தபோதுதான் கவனித்தேன். குடத்தோடு படியிறங்கும் பெண்ணுக்கு ரோஸ் நிறத்தில் புடவை கட்டியிருந்தேன். பக்கத்து பெஞ்சுப் பையனிடம் கடன் வாங்கிய ரோஸ் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அவள் வெள்ளைப் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தாள். அந்தி வானத்துச் சிவப்பும் ஊதாவும் போய்விட்டன. சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த கால் அங்குலத்தில் மட்டும் அந்த வானம் நேற்றுப் போட்டது மாதிரி இருந்தது. மற்றபடி தாளில் மிஞ்சியவை குளத்தின் நீலம், மண்டபங்களின் காவி, படிகளின் பழுப்பு.

பன்னிரண்டு வில்லை வைத்து வரைந்த படம் அது. வெயில் விட்டுவைத்தது மூன்று நிறம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இரண்டு வருஷமாக நான் தினமும் காலையில் வரைகிறேன். என் பையில் இருக்கும் டியூப்களும் மூன்றுதான். நீலம், காவி மஞ்சள், பழுப்பு.

இலைக்கு இலைப் பச்சை

அன்றைய கலர் பாக்ஸ் தகர டப்பா. இரண்டு வரிசையில் பன்னிரண்டு வில்லை. ‘கேக்’ என்போம். கூடவே ஒரு பிரஷ் இருக்கும். கேமல் ஹேர் என்று பெயர், ஆனால் அதில் ஒட்டகத்தின் முடி ஒன்றுகூட இருக்காது. அணில், ஆடு, குதிரை என்று எதுவாகவும் இருக்கலாம். வானத்துக்கு வாஷ் என்ற நீர்த்த பூச்சைப் போடும்போது முடி கழன்று ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் எடுத்தால் தாள் கீறும். விட்டுவிட்டால் பறவை என்று சொல்லிக்கொள்ளலாம்.

இலைக்கு இலைப் பச்சை, வானத்துக்கு நீலம், தென்னை மரத்துக்கு பிரவுன், மாரியம்மன் கோவில் சுவருக்குச் சிவப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் டப்பா ஒரு வில்லையைப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தது. ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கலக்க வேண்டிய தேவையே எங்களுக்குத் தோன்றவில்லை. நீலமும் பச்சையும் முதலில் குழி விழும். பிரவுன் வில்லை, அடுத்த டப்பா வாங்கும்வரை மூலைகூட மழுங்காமல் கிடக்கும்.

வெள்ளைக்கும் ஒரு வில்லை இருந்தது. கொக்கு, மேகம், வேட்டி எல்லாவற்றுக்கும் அதைத்தான் குழைத்துப் பூசினோம். வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான், அதைத் தொடாமல் விடுவதுதான் வெள்ளை போடுவது என்று எனக்குப் புரிய அறுபது வயதாக வேண்டியிருந்தது.

தடம் தெரியக் கூடாது

எங்கள் டிராயிங் மாஸ்டர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையர் நிலைகள் இரண்டும் தேறியவர். அந்தத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் எழுதத் தயாரான ஐந்தாறு பேரைப் பள்ளி விட்டபின் உட்கார வைப்பார். தினமும் சிலேட்டில் ஐம்பது வட்டம். பிறகு ஒரு பாதி கொடுத்த பூ வடிவத்துக்கு மறு பாதி. ஸ்கேல், காம்பஸ் எதுவும் தொடக் கூடாது.

வாஷ் போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். டிராயிங் போர்டைச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். நிறத்தை ஒரு கிண்ணத்தில் தேவைக்கு அதிகமாகவே கரைத்துக்கொள்ள வேண்டும், பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது. மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு. அதன் அடியில் நீர் மணிபோல் திரண்டு நிற்கும். அந்த மணி உடைவதற்குள் அதைத் தொட்டுக்கொண்டே அடுத்த இழுப்பு. கடைசி வரிசையில் பிரஷைப் பிழிந்து மிச்ச நீரை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். உறிஞ்சாமல் விட்டால் காயத் தொடங்கிய நிறத்துக்குள் நீர் ஏறி ஓரம் கிழிந்த பூப்போல விரியும்.

“வானத்துல பூ விழுந்துடுச்சுடா,” என்பார் மாஸ்டர். கண்ணில் பூ விழுவதைப் பற்றிப் பேசும் அதே குரல். அந்தத் தாள் அவ்வளவுதான்.

பிரஷ் போன தடம் தெரியவே கூடாது என்பது அன்றைய சட்டம். அதற்கு ஒரு பின்னணி உண்டு. நீர்வண்ண நிலக்காட்சி நம் ஊருக்குப் பதிவுக் கருவியாக வந்தது. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் 1792, 93இல் தென்னிந்தியாவைச் சுற்றி மலைக்கோட்டைகளையும் கோபுரங்களையும் வரைந்துகொண்டு போனார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் தஞ்சாவூர் முச்சியர் ஓவியர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகத் தாளில் சாதி வாரியாக, தொழில் வாரியாக ஆணும் பெண்ணுமாக வரைந்து ஆல்பம் ஆல்பமாக விற்றார்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியும் கைத்தொழிலுக்கு வேண்டிய துல்லியத்தைக் குறிவைத்தே வளர்ந்தது. ஆவணத்தில் எழுதியவனின் கை நடுக்கம் தெரியலாமா? மாஸ்டரின் சட்டம் அங்கிருந்து வந்தது.

அந்தக் கறாரான பயிற்சியைக் கேலி செய்ய மாட்டேன். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த பத்திரிகை ஓவியர் கோபுலுவும், கோவில் கோவிலாகப் போய் உட்கார்ந்து சிற்பங்களைக் கோட்டில் வடித்த சில்பியும் அந்தக் காலத்துக் கைகள்தான். வாரப் பத்திரிகைக்குக் கெடு தவறாமல் படம் தர வேண்டியிருந்தவர்களுக்குத் தினப் பயிற்சி என்று தனியே ஒன்று வேண்டியிருக்கவில்லை. தொழிலே பயிற்சியாக இருந்தது.

மூன்றில் எத்தனை

இன்று காலை ஐந்தே முக்காலுக்குக் காவிரிக் கரைப் பகவத் படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் உள்ளங்கை அகல நோட்டு. மூன்று நிறம்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற சுட்ட பழுப்பு, எல்லோ ஓக்கர் என்ற காவி மஞ்சள். எட்டாம் நம்பர் உருண்டைப் பிரஷ் ஒன்று, பழைய மருந்து பாட்டிலில் தண்ணீர். எனக்கு நானே விதித்துக்கொண்ட நேரம் பதினைந்து நிமிஷம்.

அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் சம அளவில் கெட்டியாகக் குழைத்தால் கறுப்பு. நீர் சேர்த்தால் சாம்பல். நீலத்தை ஒரு சொட்டுக் கூட்டினால் மழைக்கு முந்தைய மேகம், பழுப்பைக் கூட்டினால் பழைய கருங்கல் தூண். அந்தச் சாம்பலைச் சொரசொரப்பான தாளில் நிறைய நீரோடு விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். அல்ட்ராமரைன் துகள்கள் நீரில் ஒன்றோடொன்று திரளும். காயக் காயத் தாளின் குழிகளில் போய்ப் படியும். பழுப்பு மேட்டில் தங்கும். காய்ந்தபின் கண்ணை அருகில் கொண்டுபோனால் சாம்பல் இல்லை. மணல் மணலாக நீலமும் பழுப்பும் தனித்தனியே கிடக்கின்றன. தள்ளி வைத்துப் பார்த்தால் மறுபடி மேகம். டப்பாவில் வில்லையாக வரும் சாம்பல் பெரும்பாலும் இதைச் செய்யாது.

காவி மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் அடங்கிய பச்சை வரும். காவிரிக் கரைப் புங்க மரத்துக்கு அது போதும். கொடுக்காத நிறங்களும் உண்டு. கிளிப்பச்சை வராது, செம்பருத்திச் சிவப்பு வராது. சாரங்கபாணி கோவிலின் பதினோரு நிலைக் கோபுரத்தில் அடித்திருக்கும் அத்தனை பெயின்ட்டையும் இந்த மூன்றில் பிடிக்க முடியாது. அதனால் நிறத்தை விட்டுவிட்டு எது வெளிச்சம், எது நிழல் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நான் கோபுரத்தைச் சரியாகப் பார்த்ததே அப்போதுதான்.

குறைந்த நிறங்களில் வேலை செய்வது புதுச் சங்கதி என்று நினைத்துவிடக் கூடாது. சித்தன்னவாசல் தாமரைக் குளத்தைச் சுண்ணாம்பு, கரி, காவி என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பொருள்களில்தான் வரைந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரியில் சிவப்பும் கறுப்பும் மஞ்சளும்தான் ஆதிக்கம். பழைய பத்திரிகைகள் ‘மூவர்ணப் படம்’ என்று பெருமையாகப் போட்டுக்கொண்ட தீபாவளி மலர் ஓவியம் அச்சில் மூன்றே மையில் வந்தது. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் காவி மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்ற நான்கோடு மனிதத் தோலை வரைந்ததால் அந்தக் கூட்டணிக்கே அவர் பெயர் வந்துவிட்டது.

நிறங்களின் வெள்ளம் வந்தது தொழிற்சாலையிலிருந்து. 1780களில் லண்டனில் வில்லியம் ரீவ்ஸ் நிறத்தை வில்லையாக்கினார். 1841இல் ஜான் ராண்ட் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். 1930களில் தாலோ நீலம், 1950களின் கடைசியில் க்வினாக்ரிடோன் சிவப்புகள் என்று வேதியியல் கூடங்கள் தந்துகொண்டே இருந்தன. இன்று ஒரு பெரிய கம்பெனியின் பட்டியலில் நூற்றுக்கும் மேல் நிறங்கள். அன்று கிடைக்காததால் குறைவாக வைத்திருந்தோம். இன்று எல்லாம் கிடைப்பதால் வேண்டுமென்றே குறைக்க வேண்டியிருக்கிறது.

டியூப் வாங்குகிறவர்கள் முன்பக்கப் பெயரை நம்ப வேண்டாம். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் படியுங்கள். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரைன். அது ஒன்று மட்டும் இருந்தால் ஒற்றை நிறமி. மூன்று நான்கு குறியீடு இருந்தால் கம்பெனியே கலந்து தந்தது என்று அர்த்தம். அதோடு நாம் இன்னொன்றைக் கலந்தால் சேறுதான். ‘இண்டிகோ’ என்று விற்கும் பல டியூப்களில் அவுரி துளியும் இல்லை, வேறொரு நீலமும் கறுப்பும்தான்.

என் குளத்துப் பெண்ணின் புடவை வெளுத்ததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அல்ட்ராமரைனும் காவிகளும் தாதுத் துகள்கள். அவற்றை வெயில் எளிதில் அசைக்காது. மலிவான ரோஸும் ஊதாவும் பெரும்பாலும் சாயங்கள். புகழ்பெற்ற அலிசரின் கிரிம்ஸன்கூட நீர்த்துப் பூசினால் வெளுக்கும். நம் கடற்கரைத் துணிகளுக்கு ஒரு காலத்தில் பேர் வாங்கித் தந்த சாயவேரில் இருப்பதும் அதே அலிசரின்தான். படிகாரத்தோடு நூலில் கட்டுப்பட்டு நின்ற அந்தச் சிவப்பு, தாளில் மெல்லிய படலமாக நிற்கும்போது தாக்குப்பிடிப்பதில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் நிறத்தைப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி ஆறு மாதம் விடுங்கள். தெரிந்துவிடும்.

கைக்குக் கிடைத்ததெல்லாம்

தடத்தை மறைத்த கை இப்போது தடத்தைத் தேடுகிறது. இரண்டு வருஷத்தில் ஏற்பட்ட பெரிய மாற்றம் இதுதான். தென்னை ஈர்க்கை நுனி நசுக்கி நிறத்தில் தோய்த்து இழுத்தால் நாணல். கோழி இறகின் ஓரத்தால் தட்டினால் மூங்கில் இலை. பிரஷைத் துணியில் துடைத்துவிட்டுப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் தாளின் மேட்டில் மட்டும் நிறம் பிடித்துத் தண்ணீர்மேல் மினுக்கும் வெயில் வந்துவிடும். ஈரம் உலரும் முன் கல் உப்பு நான்கு தூவினால் நட்சத்திரம் நட்சத்திரமாக வெளுக்கும். மெழுகுவர்த்தியால் கோடிழுத்து மேலே வாஷ் போட்டால் மழைத் தாரை. விரல் நகத்தால் ஈர நிறத்தைக் கீறினால் புல்.

மாஸ்டர் குற்றமென்று கிழித்த ‘பூ’வை இன்று நானே வரவழைக்கிறேன். பாதி காய்ந்த பச்சையில் ஒரு சொட்டு நீரை விட்டால் ஆலமரத்தின் தழை தானாகவே விரிகிறது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. சென்னை ஓவியப் பள்ளியிலேயே கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் கோட்டின் மதிப்பு மாறிவிட்டது. நிலக்காட்சி நீர்வண்ணத்தில் கைதேர்ந்தவராகத் தொடங்கிய பணிக்கரே பின்னாளில் படத்தை எழுத்தும் குறியுமாக நிரப்பினார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்திகள் வெறும் கறுப்புக் கோடுகள். மை தீரும் இடம், கை வேகம் பிடித்த இடம், தயங்கிய இடம் எல்லாம் அப்படியே தெரியும். ஆள் காந்தி என்பதிலும் சந்தேகம் வராது. கும்பகோணத்து டிராயிங் வகுப்புக்கு அந்தக் காற்று வரவில்லை, அவ்வளவுதான்.

தாளும் கண்ணும்

அன்று தாள் பெரிய செலவு. ஒரு முழுத்தாளை நனைத்து, நான்கு ஓரத்திலும் மைதாப் பசை தடவிப் போர்டில் ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட்டால்தான் காலையில் முரசுத் தோல்போல் விறைப்பாக இருக்கும். மாதத்துக்கு ஒரு தாள். அதனால் பென்சிலில் எல்லாம் முடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறம் தொட்டோம். பயந்த கை புதிதாக எதையும் செய்து பார்க்காது.

இன்று 300 ஜி.எஸ்.எம். தாள் ஒட்டாமலே நீரைத் தாங்குகிறது. பருத்தித் தாள் இப்போதும் விலைதான். தினசரிக்கு நான் புதுச்சேரிக் கைத்தாளை வெட்டித் தைத்துக்கொள்கிறேன். இதுவரை பதினோரு நோட்டு, அறுநூற்றைம்பது பக்கத்துக்கு மேல். தேறியது நாற்பது இருக்கும். மீதியில்தான் கற்றுக்கொண்டேன். மார்கழிப் பனியில் ஒரு வாஷ் காய அரை மணி ஆகும், அதற்குள் ஓரங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். சித்திரையில் பிரஷை எடுப்பதற்குள் காய்ந்து கோடு விழும். ஒரே படித்துறை, ஒரே மூன்று நிறம், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டதால்தான் மாறுவது காற்றின் ஈரம் என்று தெரிந்தது. பன்னிரண்டு நிறத்தோடு உட்கார்ந்திருந்தால் பழி நிறத்தின் மேல் போயிருக்கும்.

தாள் பயம் போன இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2007இல் கேப்ரியல் காம்பனாரியோ தொடங்கிய ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’, 2009இல் ஜேக் பார்க்கர் தொடங்கிய ‘இன்க்டோபர்’ போன்றவை உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்களைத் தினம் வரைய வைத்தன. நல்ல காரியம். கூடவே அன்றன்றைய பக்கத்தை அன்றன்றே காட்டும் பழக்கமும் வந்தது. நானும் காட்டினேன். நன்றாக வந்த கோபுரத்துக்கு நாற்பது பாராட்டு வந்தது. மறுநாள் ஈர்க்கை எடுக்கக் கை போகவில்லை, மறுபடி கோபுரத்தையே போட்டேன். அன்று தாளின் விலை கையைக் கட்டியது, இன்று பார்க்கிறவர்களின் கண் கட்டுகிறது. காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் நின்று “பூ விழுந்துடுச்சுடா” என்று சொல்ல ஆள் இல்லை. பாராட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், திருத்துகிறவர்கள் இல்லை. பல பள்ளிகளில் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டுவிட்டார்.

போன வாரம் படித்துறையில் ஓவியக் கல்லூரி மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டேப்லெட்டில் வரைகிறவள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தப்பாப் போட்டா எப்படி சார் அழிப்பீங்க?” என்று கேட்டாள்.

“அழிக்க முடியாதும்மா. பக்கத்தைத் திருப்பிடுவேன்.”

அவள் பிரஷை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாள். நீர் மணி திரண்டு நின்றது. அடுத்த இழுப்பு எங்கே என்று தெரியாமல் அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது அது உடைந்து வழிந்தது. “நோட்டைச் சாய்ச்சுப் பிடி,” என்றேன். மாஸ்டரின் குரல் எனக்கே கேட்டது. தடத்தை மறைக்கத் தெரிந்தால்தான் எங்கே காட்டலாம் என்று தெரியும். பழைய பயிற்சியையும் புதிய துணிச்சலையும் இரண்டில் ஒன்றாகப் பார்ப்பது வீண் சண்டை.

மகாமகக் குளத்தை வேறு சுவரில், வெயில் படாத இடத்தில் மாட்டியிருக்கிறோம். “அந்தப் புடவைக்கு மறுபடி ரோஸ் போட்டுடலாமே,” என்றாள் மனைவி. போடவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு கலர் பாக்ஸ் கிடக்கும். அதில் மூலை மழுங்காத பிரவுன் வில்லை இருக்கும். நாளைக் காலையில் அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், பக்கத்தில் நீலத்தைக் கரையுங்கள், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு மாதத்துக்கு வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.